ஒரே இலை, நாற்பது காக்கை

மனிதருக்கும் பறவைக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், கதை கேட்பதைப் போல அலுப்பான வேலை வேறொன்று கிடையாது. கதை சொல்லும் பொறுப்பு மைனாக்களிடம் இருந்தது. பகல் முழுக்கக் காடு கரையெல்லாம் சுற்றி நடப்பதைப் பார்ப்பார்கள். பொழுது இறங்கும் நேரத்தில் ஊர்ப் பொதுவெளியான மந்தைக்கு வந்து கூடியிருக்கும் ஆட்களுக்குச் சொல்வார்கள். மைனாக்களுக்கு இட்டுக்கட்டத் தெரியாது. "செந்நாய் பத்து வந்துச்சு. மான் ஒண்ணு நின்னுச்சு. மான் செத்துப்போச்சு." அவ்வளவுதான், கதை முடிந்தது. மறுநாள் ஓணான் ஒன்று, எறும்பு ஆயிரம். ஓணான் செத்துப்போச்சு. கேட்டவர்கள் மரியாதைக்கு ஒரு "ம்" கொட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே, கேட்க மாட்டார்கள். கூட்டம் வந்தால் கூட்டம்தான் ஜெயிக்கும் என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

இருளாயிக்கும் அது தெரியும். இருளாயி ஒரு கரிச்சான் குருவி. மாட்டு முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு சவாரி போகுமே, கன்னங்கரேலென்று, அந்தக் குருவிதான். உருவம் ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்காது. வாய் மட்டும் ஊரளவு. கண்மாய்க் கரையில் தனியாக நின்ற ஒரு மருதமரத்தின் உச்சிக் கவட்டையில் கூடு கட்டி மூன்று முட்டை இட்டிருந்தாள். அவள் புருஷனை, முட்டையிட்ட நாலாம் நாள் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அழுதாள். அழுதபடியே முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் அழுதால் முட்டை குளிர்ந்துவிடும், என்ன செய்வது.

கண்மாய்க்கு எதிர்க்கரையில் பெரிய ஆலமரம். அதில் காக்கைகள் குடியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாசானம் என்ற அண்டங்காக்கை. பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய கௌரவம். மருதமரத்து முட்டைமேல் அவருக்கு ஒரு கண். மூன்று தடவை சும்மா போகிறவர் போல அந்தப் பக்கம் போனார். மூன்று தடவையும் இருளாயி பின்னால் வந்து உச்சந்தலையில் ஒரு போடு போட்டாள். திரும்பி நின்று சண்டை போடலாம்தான். ஆனால் ஒரு கைப்பிடிக் குருவியோடு மாசானம் மல்லுக்கட்டினார் என்று நாளைக்கு மந்தையில் மைனா சொன்னால் தலை காட்ட முடியுமா? அதனால் ஒன்றும் நடக்காததுபோலத் தலையைச் சிலுப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

காக்கைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இன்றைக்குத்தான் அவர்கள் எச்சில் இலையில் ஒருத்தரை ஒருத்தர் இடித்துத் தள்ளிக்கொண்டு கிடக்கிறார்கள். அன்றைக்கு அப்படியில்லை. பந்தி மரியாதை பார்ப்பதில் காக்கையை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பருக்கை கிடைத்தாலும் உறவுமுறையைக் கூப்பிடாமல் வாய் வைக்க மாட்டார்கள். வந்தவர்களை வயது பார்த்து, முறை பார்த்துத்தான் உட்காரவைப்பார்கள். அதில் நூலளவு பிசகினாலும் போச்சு. மூன்று தலைமுறைக்கு முகத்தில் முழிக்க மாட்டார்கள். எங்கள் பாட்டனுக்கு அன்றைக்கு இரண்டாம் பந்தியில்தான் இடம் கொடுத்தீர்கள் என்று சொல்லிப் பேரன் கல்யாணத்துக்கு வராதவர்கள் எல்லாம் அந்த வம்சத்தில் உண்டு.

ஒரு சித்திரை மாதத்து விடியற்காலை. இருளாயி கண் விழித்தபோது மரத்தைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது. விடியவில்லையோ என்று நினைத்தாள். விடிந்துதான் இருந்தது. கிளைக்குக் கிளை காக்கை. கரையில் காக்கை. பக்கத்துப் பனைமரங்களில் காக்கை. எண்ணிப் பார்த்தாள், எதிரே ஆலமரத்தில் இருந்த மாசானத்தையும் சேர்த்து நாற்பது.

கரையில் கிடந்த ஒரு கல்லில் பேச்சிமுத்து என்ற மைனா வந்து உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மந்தையில் சொல்ல அவருக்கு ஒரு கதை வேண்டும், அதைப் பார்க்க வந்திருந்தார்.

"இருளாயி, எப்ப ஆரம்பிப்பாங்க? மத்தியானத்துக்குள்ள நான் இன்னொரு ஊருக்குப் போகணும்," என்றார்.

"செத்ததும் சொல்லி அனுப்புறேன், போங்கண்ணே."

"கோவிச்சுக்காதே தாயி. நாற்பதுக்கு ஒண்ணு. என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். முட்டை போனா அடுத்த வருஷம் இடலாம். பறந்து போயிரு."

பறந்துவிடலாம். அவளுக்கு இருந்த வேகத்துக்கு ஒரு காக்கையும் அவளைப் பிடித்திருக்க முடியாது. சிறகைக்கூட விரித்துவிட்டாள். அடிவயிற்றுக்குக் கீழே முட்டை ஒன்று லேசாக அசைந்தது. உள்ளே இருந்தது பொரிக்கத் தயாராகிவிட்டது போலிருந்தது. அவள் விரித்த சிறகை மடக்கிக்கொண்டாள். பயமாக இருந்தது. ஆனாலும் போகவில்லை.

அப்போதுதான் மாசானம் ஆலமரத்திலிருந்து வந்து இறங்கினார். வந்தவர்களை எல்லாம் வாயார வரவேற்றார். "வாங்க தவசியண்ணே, வாங்க. மேலமரத்து ஆளுங்க வந்தாச்சா? எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

இந்தப் பேச்சு இருளாயி காதில் விழுந்தது. இத்தனை வருஷமாக எதிர்க்கரையில் இருந்து இவர்கள் பந்தி நடத்தும் அழகைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். பயம் கொஞ்சம் விலகியது. கழுத்தை நீட்டிக் கேட்டாள்.

"பெரியவரே, இத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கீங்களே, இது சண்டைக்கா, விருந்துக்கா?"

மாசானத்துக்குச் சுருக்கென்றது. "உன்கூட எனக்கு என்ன சண்டை? கைப்பிடி இருக்கிறவகூட மோதினேன்னு பேர் வாங்கவா? இது விருந்து. நீ கறி. முட்டை பாயசம்."

சண்டை என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. கௌரவம் பார்த்து விருந்து என்று சொல்லிவிட்டார், மாட்டிக்கொண்டார்.

"அப்ப சரி," என்றாள் இருளாயி. "விருந்துன்னா முறையா நடக்கட்டும். நான் ஒருத்தி. ஆக ஒரே இலை போட்டிருக்கீங்க. ஒரே இலையில நாற்பது பேர் வாய் வைக்கிறது எந்த ஊர் வழக்கம்னு தெரிஞ்சுக்கலாமா?"

சலசலப்பு அடங்கிவிட்டது. கிழக்கூரிலிருந்து வந்திருந்த தவசி, இருப்பவர்களிலேயே மூத்தவர், ஒரு கண் பார்வை போனவர், தொண்டையைச் செருமினார்.

"என்னப்பா மாசானம், ஒரே இலையா போட்டிருக்கே?"

கூட்டத்தில் காத்தப்பன் என்று ஒரு நொண்டிக் காக்கை இருந்தான். அவனுக்கு மட்டும் கொஞ்சம் விவரம் உண்டு. "மாமா, இவ பேச்சுக்குக் காது கொடுக்காதீங்க. நாற்பது பேரும் ஒண்ணாப் பாஞ்சா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்," என்றான்.

"ஒண்ணாப் பாயறதா?" தவசிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கொத்தின இடத்துல நீயும் கொத்துவே. அந்த எச்சியை நான் திங்கணும். இதுக்கா அஞ்சு காதம் பறந்து வந்தேன்?"

"அதானே," என்றது கூட்டம். காத்தப்பனை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நல்ல குடும்பத்தில் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள்.

ஆக, ஒருத்தர் பின்னால் ஒருத்தர் என்று முடிவாயிற்று. முதலில் யார் என்பதில்தான் வந்தது வினை. மூத்தவர் தவசிதான் முதல் என்றார்கள் கிழக்கூர்க்காரர்கள். பெண் கொடுத்த வகையில் நாங்கள்தான் முதல் என்றார்கள் மேலமரத்தார். இருளாயி கூட்டின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "பாவம், மேலமரத்து ஆளுங்க போன தை மாசமும் கடைசியிலதான் உட்கார்ந்தாங்க. அதை யாரும் மறந்திருக்க மாட்டாங்க," என்று பொதுவாகச் சொல்லிவைத்தாள். அவ்வளவுதான். சூரியன் பனை உயரம் ஏறும்வரை அவர்களுக்குள்ளேயே கத்திக்கொண்டு கிடந்தார்கள். கடைசியில், வயதுப்படி தவசி முதலில் உட்காருவது, அப்புறம் மேலமரத்தார், அப்புறம் மற்றவர்கள் என்று சமாதானம் ஆயிற்று.

"நான் எப்ப?" என்றார் மாசானம்.

தவசி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கூப்பிட்ட வீட்டுக்காரன் விருந்தாளிக்கு முந்தி உட்காருவானா? எல்லாரும் கைகழுவின பிறகு நீ உட்காரு."

மாசானம் பசியோடு பனைமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். கண்மாய்க் கரை ரெண்டுபட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதல் பந்திக்குத் தவசி வந்தார். வயதுக்கு மரியாதை கொடுத்ததில், இருப்பதிலேயே நோஞ்சானை முதலில் அனுப்பிவிட்டார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. குருட்டுக் கண் பக்கமாக இருளாயி ஒதுங்கிக்கொண்டாள். தவசி பாய்ந்த வேகத்தில் கிளையில் நெற்றி மோதித் தலைகுப்புறச் சேற்றில் போய் விழுந்தார். விழுந்தவர் சிறகைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொண்டு, "எனக்குப் போதும்ப்பா. வயிறு நிறைஞ்சிருச்சு," என்றார். பந்தியை விட்டு எழுந்தவர் மறுபடி உட்காரக் கூடாது. அதனால் அங்கேயே கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார்.

இரண்டாவது ஆள் மேலமரத்துக்காரன், நல்ல தடியன். நேராக மூஞ்சிக்கு வந்தான். இருளாயி மேலே எழும்பினாள், திரும்பினாள், மேலேயிருந்து இறங்கிப் பிடரியில் கொத்தினாள். அவனுக்கும் வயிறு நிறைந்துவிட்டது. மூன்றாவது ஆளை இறக்கையைப் பிடித்துச் சுழற்றிவிட்டாள், அவன் போய்த் தவசி பக்கத்தில் படுத்தான். நாலாவது ஆள் நாலு கிளை முறித்துக்கொண்டு போனான். பத்து காக்கை ஒன்றாக வந்திருந்தால் அவள் எலும்பு மிஞ்சியிருக்காது. ஒன்று ஒன்றாக வந்ததால் பத்தும் ஒன்றுதான். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இதுவரை இவர்களைப் பார்த்து ஏன் இவ்வளவு பயந்தோம் என்று நினைத்தாள். நினைத்ததும் குஷி வந்துவிட்டது.

"அடுத்த ஆள் யாரு? வாங்க, வாங்க, கூச்சப்படாம உட்காருங்க," என்றாள்.

முறை வராதவர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? சும்மா உட்கார்ந்திருந்தால் பசியில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களே. அதனால் அவளைச் சுற்றி வட்டம் கட்டிக்கொண்டு சிறகை அடித்தார்கள், கத்தினார்கள், முறைத்தார்கள், ஒரு அடி முன்னால் வந்து ஒரு அடி பின்னால் போனார்கள். தொட்டது மட்டும் இல்லை.

பன்னிரண்டாவதாக வந்தவன் வேம்பன் என்ற இளவட்டம். அவன் மூக்கு கூர்மை. ஒரே கொத்தில் இருளாயியின் வாயோரம் கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. அவள் கூட்டின் மேலேயே வந்து விழுந்தாள். கல்லில் உட்கார்ந்திருந்த பேச்சிமுத்து, முடிந்தது கதை என்று எழுந்து கிளம்பத் தயாரானார்.

இருளாயி சிறகால் வாயைத் துடைத்தாள். சிறகில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். கீழே மூன்று முட்டைகளையும் பார்த்தாள். பிறகு வேம்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவனுக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது, மீதியை அவள் நிறைத்துவிட்டாள். கிளம்ப எழுந்து நின்ற பேச்சிமுத்து, வேம்பன் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டு மறுபடி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவருக்கு இன்னொரு ஊர் ஞாபகம் வரவேயில்லை.

ஆனால் மூச்சு வாங்கியது. இன்னும் இருபத்தெட்டுப் பேர் பாக்கி. இருளாயி ஒரு கையை, அதாவது ஒரு சிறகைத் தூக்கினாள்.

"என்ன, அப்படியே உட்காருறீங்க? ஒரு பந்தி முடிஞ்சா இலை எடுத்து, தண்ணி தெளிச்சு, துடைச்சிட்டுத்தானே அடுத்த பந்தி? இதைக்கூட நான்தான் சொல்லணுமா?"

"ஆமா, ஆமா," என்றார்கள் காக்கைகள், வெட்கத்தோடு. ஒதுங்கி நின்றார்கள். அவள் போய்த் தண்ணீர் குடித்தாள், முட்டைகளைப் புரட்டி வைத்துக் கொஞ்ச நேரம் அடைகாத்தாள், ஒரு வெட்டுக்கிளியைக்கூடப் பிடித்துத் தின்றாள். பிறகு வந்து நின்று, "ம், உட்காருங்க," என்றாள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த காத்தப்பனுக்குத் தாங்கவில்லை. இரண்டு பேரை ரகசியமாகக் கூப்பிட்டு, அவள் முன்னால் பார்த்துச் சண்டை போடும்போது பின்னால் போய் அமுக்கச் சொன்னான். அவர்களும் போனார்கள். பாதி வழியில் மேலமரத்துக் கிழவி பார்த்துவிட்டாள்.

"ஏலே, உங்க முறை வந்துச்சா? எங்க வீட்டு ஆள் இலையில உட்கார்ந்திருக்கும்போது பின்னால வந்து கை வைக்கிறீங்களா?"

இன்னும் முறை வராத மேலமரத்தார் பத்துப் பேர் சேர்ந்து அந்த இரண்டு பேரையும் புரட்டி எடுத்தார்கள். அதில் இருளாயிக்கு இரண்டு பந்தி மிச்சம்.

உச்சிவெயில் வந்தபோது கரை முழுக்கக் காக்கைகள் வயிறு நிறைந்து கிடந்தார்கள். காத்தப்பனும் கிடந்தான். அவனுக்கு அடியைவிட இவர்கள் மரியாதைதான் அதிகம் வலித்தது. இருளாயி மருதமரத்துக் கிளையில் தள்ளாடிக்கொண்டு நின்றாள். ஒரு சிறகு சரியாக மடங்கவில்லை. இனி ஒரு காக்கையைக்கூடத் தாங்காது உடம்பு.

ஒரு காக்கைதான் பாக்கியிருந்தது.

மாசானம் பனையிலிருந்து எழும்பினார். விடிந்ததிலிருந்து காத்திருந்த பசி, அத்தனை சொந்தத்தையும் கண்ணெதிரே விழவிட்ட ஆத்திரம், எல்லாம் சேர்ந்து வந்தது. பேச்சு எதுவும் பேசவில்லை. வந்த வேகத்தில் அவளைக் கிளையோடு சேர்த்து அமுக்கினார். இருளாயி முண்டினாள், முடியவில்லை. அவர் எடை அவளுக்குப் பத்து மடங்கு. அவளை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, மூக்கை நீட்டி முதலில் முட்டையைத் தொட்டார். அவள் பார்க்க, பாயசத்தை முதலில் குடிக்கலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

அந்தச் சமயம் முட்டைக்குள்ளிருந்து "கீச்" என்று ஒரு சத்தம். குஞ்சு ஓட்டைத் தட்டியது.

இருளாயிக்கு எங்கிருந்து பலம் வந்தது என்று அவளாலேயே பிற்பாடு சொல்ல முடியவில்லை. உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி வெளியே வந்துவிட்டாள். மாசானம் எட்டி வாலைக் கவ்வினார். அதுவரை கரிச்சான்களுக்கு வால் நேராகத்தான் இருந்தது. அவர் இழுத்தார், இவள் எம்பினாள். வால் நடுவே பிளந்து இரண்டாகிவிட்டது. வலியில் கண் இருண்டது. போனால் போகட்டும் வால் என்று பிய்த்துக்கொண்டு எழும்பி, திரும்பி, மாசானத்தின் முதுகில் போய் ஏறி உட்கார்ந்தாள். மாட்டு முதுகில் உட்கார்ந்து பழகிய கால், அவ்வளவு லேசில் உதற முடியாது.

உச்சந்தலையில் கொத்தினாள். மாசானம் பறந்தார். பறக்கப் பறக்கக் கொத்தினாள். கண்மாயை ஒரு சுற்று சுற்றினார், இரண்டு சுற்று சுற்றினார், பல்டி அடித்துப் பார்த்தார், பனையில் உரசிப் பார்த்தார். அவள் இறங்கவில்லை. இது என் புருஷன் கட்டின கூடு என்று ஒரு கொத்து. இது என் மூத்தது, இது நடுவுலது, இது கடைக்குட்டி என்று மூன்று கொத்து. கரையில் கிடந்த முப்பத்தொன்பது பேரும் வயிறு நிறைந்ததை மறந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்றாவது சுற்றில் மாசானம் கரையில் பொத்தென்று இறங்கிவிட்டார்.

"போதும்மா," என்றார். "போதும். நீ கேக்கிறதைக் கொடுத்திடுறேன், இறங்கு."

இருளாயி இறங்கவில்லை. "என் மரத்துப் பக்கம் ஒரு காக்கை வரக் கூடாது."

"வர மாட்டோம்."

"எந்த மரத்திலயும் தனியா இருக்கிறவங்க மேல கூட்டமாப் போய் விழக் கூடாது."

மாசானம் உண்மையைச் சொன்னார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். "அது முடியாது இருளாயி. அது எங்க வயித்துப்பாடு. இன்னைக்கு மாதிரி இன்னொரு நாள் ஏமாறவும் மாட்டோம். இந்தப் பந்தி, முறை, எல்லாத்தையும் இன்னையோட தலைமுழுகிட்டோம். இனிமே ஒரே அடி, மொத்தமா."

அவர் பொய் சொல்லவில்லை என்று இருளாயிக்குப் புரிந்தது. இன்றைக்கு ஒரு நாள் ஜெயித்தாயிற்று. நாளைக்கு வேறொரு மரத்தில் வேறொருத்தி தனியாக நிற்பாள், நாற்பது பேர் ஒன்றாகப் பாய்வார்கள். சாயங்காலம் மந்தையில் மைனா வந்து, அவ செத்துப்போச்சு என்று சொல்லும். கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருத்தி அதை நம்பி, மறுநாள் காக்கையைக் கண்டதும் கூட்டை விட்டுப் பறந்துவிடுவாள். தானும் இன்று காலையில் அப்படித்தானே சிறகை விரித்தோம் என்று நினைத்தாள்.

"சரி," என்றாள் மெதுவாக. "வெளியே உங்க இஷ்டம். கதையை எனக்குக் கொடுத்திடுங்க."

"கதையா?"

"கதைக்குள்ள எத்தனை பேர் வந்தாலும், எதிர்ல நிக்கிறது ஒருத்தர்னா ஒரே இலைதான். ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான் வரணும். மத்தவங்க சுத்தி நிக்கணும். விழுந்தவங்க எழுந்திரிக்கக் கூடாது. கூட்டிட்டு வந்தவர் கடைசியில வரணும், வந்து தோக்கணும்."

மாசானத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தலை அத்தனை வலித்தும். இவ்வளவுதானா என்று நினைத்தார். "கதையில தோத்தா எங்களுக்கு இறக்கையா உதிரப்போகுது? எடுத்துக்கோ."

"மாமா, யோசிச்சு வாக்குக் கொடுங்க," என்றான் காத்தப்பன், படுத்திருந்த இடத்திலிருந்தே.

"நீ சும்மா கிட. காத்துல போற கதையைத்தானே கேக்குறா," என்று சொல்லி, ஆலமரத்தின் மேல் ஆணையாக மாசானம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

இருளாயி இறங்கினாள். பேச்சிமுத்து கல்லிலிருந்து ஓடி வந்தார். "தாயி, எனக்கு இட்டுக்கட்டத் தெரியாதே. நடந்ததைத்தானே சொல்லுவேன்."

"இன்னைக்கு நடந்ததையே சொல்லுங்கண்ணே. நாளைக்கும் இதையே சொல்லுங்க. ஊரை மாத்திக்கோங்க, பேரை மாத்திக்கோங்க. பந்தியை மட்டும் மாத்திடாதீங்க."

அன்று சாயங்காலம் பேச்சிமுத்து மந்தையில் கதை சொன்னார். "காக்கை நாற்பது வந்துச்சு. கரிச்சான் ஒண்ணு நின்னுச்சு," என்றதும் வழக்கம்போல ஆட்கள் துண்டை உதறினார்கள். "கரிச்சான் கேட்டுச்சு," என்றார் பேச்சிமுத்து. உதறிய துண்டு அப்படியே நின்றது. அது நாள்வரை எந்த மைனாவின் காதிலும் விழாத ஒரு வார்த்தை அன்று அவர் காதில் விழுந்தது.

"அப்புறம்?" என்றது மந்தை.

வேம்பன் விழுந்த இடத்தில் யாரோ விசிலடித்தார்கள். மாசானத்தின் முதுகில் அவள் ஏறிய இடத்தில் மந்தையே எழுந்து நின்றுவிட்டது. மறுநாளும் அதே கதையைக் கேட்டார்கள். அதற்கு மறுநாளும். முடிவு தெரிந்த கதையை எதற்குக் கேட்கிறீர்கள் என்றால், முடிவு தெரிந்ததால்தான் கேட்கிறோம் என்றார்கள். கூட்டத்தின் ஓரத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு நாலைந்து காக்கைகளும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். விசிலடித்தவர்களில் அவர்களும் உண்டு என்று சொல்கிறார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். காட்டோரத்துக் காரைச் செடியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தாள். இருளாயியில் பாதி இருப்பாள், சண்டை என்றால் என்னவென்றே தெரியாதவள். மாசானம் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். பந்தியும் இல்லை, முறையும் இல்லை, ஒரே அடி என்று பேசிவைத்துத்தான் போனார்கள். கொண்டைக்குருவி பறந்திருக்க வேண்டும். பறக்கவில்லை. மந்தையில் கதை கேட்டவள் அவள். கூட்டின் விளிம்பில் ஏறி நின்று, கொண்டையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்.

"யாரு முதல்ல?"

எட்டுக் காக்கைகளும் நின்றுவிட்டார்கள். ஒவ்வொருவனும் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். முதலில் போகிறவனுக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கதை கேட்டவர்கள். வேம்பன் தன் பிடரியைத் தடவிக்கொண்டான். மாசானத்தைப் போகச் சொன்னார்கள். கடைசியில் வருகிறவனுக்கு என்ன ஆகும் என்பது அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் சிறகை அடித்துக் கத்திவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"யோசிச்சுக் கொடுங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்றான் காத்தப்பன் வழியில்.

வெளியே இன்றைக்கும் பெரும்பாலும் கூட்டம்தான் ஜெயிக்கிறது, அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ஆனால் கதையென்று வந்துவிட்டால், சினிமாக் கொட்டகையானாலும் கூத்துமேடையானாலும், அரிவாளும் கம்புமாக நாற்பது தடியன்கள் ஒற்றை ஆளைச் சுற்றி நின்றுகொண்டு, ஒருத்தன் பின்னால் ஒருத்தனாகப் போய் அடிவாங்கி, விழுந்த இடத்திலேயே படுத்துக்கொள்கிறார்களே, அவர்களை முட்டாள்கள் என்று சிரிக்காதீர்கள். வால் பிளந்த ஒரு தாய் கண்மாய்க் கரையில் கூட்டத்திடம் வாங்கிய வாக்கை, அந்தச் சித்திரை தொட்டு இன்றுவரை ஒருநாள்கூடத் தவறாமல் அவர்கள் காப்பாற்றி வருகிறார்கள்.